நிகர மதிப்புக்கு குனுகேஷ்: வட்டியைத் தனியே நிறுத்திக் காட்டும் பேரேடு

உள்ள சொத்தைக் கூட்டி, உள்ள கடனைக் கழித்தால் வருவது நிகர மதிப்பு. அந்த ஓர் எண்ணை மாதக் கடைசியில் தெரிந்துகொள்வது மட்டுமே நோக்கமென்றால் மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். கையில் மிஞ்சுகிற பணத்தைச் சேமிப்பில் போடுவதா, கடனில் கட்டுவதா என்ற கேள்வி எழும்போதுதான் தாள் காலைவாருகிறது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு நிகர மதிப்பு பதில் சொல்லாது. 10,000 சேமிப்புக் கணக்குக்குப் போனாலும் சரி, கடன் அசலில் கழிந்தாலும் சரி, அன்றைய நிகர மதிப்பு மாறுவதில்லை. முதல் வழியில் பணம் ஒரு சொத்திலிருந்து இன்னொரு சொத்துக்கு நகர்கிறது. இரண்டாவதில் சொத்தும் கடனும் சேர்ந்தே குறைகின்றன. வித்தியாசம் அடுத்த மாதம், வட்டி என்ற செலவுத் தலைப்பில் வந்து நிற்கும். அந்தத் தலைப்பைத் தனியே காட்டாத கருவி இந்த வேலைக்கு அரைகுறைதான்.

குனுகேஷை மதிப்பிட எடுத்துக்கொண்ட அளவுகோல் அதுவே. குனுகேஷ் (GnuCash) இலவச, திறந்த மூலக் கணக்குவைப்பு மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல் நிலையான பதிப்பு 1998இல் வந்தது. இப்போதைய 5 வரிசை 2023இல் தொடங்கியது. தோற்றத்தில் அந்த வயது தெரியும். பொத்தான்களும் பெட்டிகளும் பழைய அலுவலகக் கணினியை நினைவூட்டும். ஆனால் உள்ளே இருப்பது ஒழுங்கான இரட்டைப் பதிவு முறை: ஒவ்வொரு தொகையும் ஒரு கணக்கிலிருந்து கிளம்பி இன்னொரு கணக்கில் போய்ச் சேர வேண்டும். எங்கே போனது என்று சொல்லாமல் விட்டால், 'இம்பேலன்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கைத் தானே உருவாக்கி அந்தத் தொகையை அதில் தள்ளிவிடும். அந்தக் கணக்கு கண்ணில் பட்டாலே, எங்கோ பதிவு அரைகுறையாக நிற்கிறது என்று பொருள்.

முதல் நாள் அமைப்பு

புதிய கோப்பு தொடங்கியதும் கணக்குகளின் மரம் ஒன்றை அமைக்க உதவும் வழிகாட்டி வரும். அது தருகிற நீண்ட பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அறுபது, எழுபது செலவுத் தலைப்புகளை வைத்துக்கொண்டு இரண்டாவது மாதமே கைவிடுவார்கள். செலவுக்குப் பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் போதும். அதற்குப் பதிலாக நேரத்தைச் சொத்துப் பக்கமும் கடன் பக்கமும் செலவிடுங்கள்.

சொத்துகளை மூன்று கிளையாகப் பிரிப்பது நல்லது. உடனே எடுக்கக்கூடியது: கைரொக்கம், வங்கிக் கணக்கு, எந்நேரமும் முறிக்கக்கூடிய வைப்பு. பூட்டியிருப்பது: ஓய்வூதிய நிதி, முதிர்வுக்கு முன் எடுக்க முடியாத வைப்பு. பயன்பாட்டில் இருப்பது: வீடு, வாகனம், நகை. மூன்று தாய்க் கணக்குகளுக்கும் 'பிளேஸ்ஹோல்டர்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால் தவறுதலாக அவற்றில் நேரடியாகப் பதிய முடியாது, கிளைக் கணக்குகளில் மட்டுமே பதியலாம். இந்தப் பிரிவு இப்போது வெட்டி வேலையாகத் தோன்றும். பிறகு வரைபடம் எடுக்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

கடன் பக்கத்தில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கணக்கு. கடன் அட்டைக்கு 'கிரெடிட் கார்டு' வகை, மற்றவற்றுக்கு 'லயபிலிட்டி' (கடன் பொறுப்பு) வகை. கையோடு செலவுப் பக்கத்தில் 'வட்டி' என்று ஒரு தாய்க் கணக்கைத் திறந்து, அதன் கீழ் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கிளை வைத்துவிடுங்கள். 'வங்கிக் கட்டணங்கள்' என்ற பொதுத் தலைப்பில் வட்டியைப் போட்டால் இந்த மென்பொருளை வைத்திருப்பதன் பாதிப் பயன் போய்விடும்.

நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணமும் சொத்துதான். அதற்கு 'அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்' வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயரைப் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது வணிகப் பட்டியல்களுக்கானது, கையால் பதியப் போனால் முரண்டு பிடிக்கும். சாதாரண 'அசெட்' வகை போதும். திரும்பி வருமா என்று சந்தேகம் வந்துவிட்ட கைமாற்றை நிகர மதிப்பில் வைத்துக்கொண்டிருப்பது சுயஏமாற்று. அதைச் செலவாக எழுதிவிட்டு, வந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம்.

தொடக்க இருப்பு பதிவதில் நடக்கிற ஒரு பிழை மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். கடனின் தொடக்க இருப்பு என்பது இன்றைய தேதியில் பாக்கி நிற்கும் அசல். வாங்கியபோது இருந்த தொகையும் அல்ல, இனிக் கட்டவேண்டிய தவணைகளின் கூட்டுத்தொகையும் அல்ல. 3,00,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 36 மாதம் என்று வையுங்கள். மாதத் தவணை 9,964.29. முப்பத்தாறு தவணையையும் கூட்டினால் 3,58,714. இதைக் கடனாகப் பதிந்தால், இன்னும் ஏறாத 58,714 வட்டியை இன்றைக்கே கடனாகக் காட்டிவிடுகிறீர்கள். நிகர மதிப்பு அந்த அளவு குறைந்து தெரியும். இன்னொரு கேடும் உண்டு: முன்கூட்டியே அடைத்தால் கிடைக்கும் லாபம் எங்கும் தெரியாமல் போகும், ஏனென்றால் வட்டி எப்படியும் கட்டியாக வேண்டியதுபோல் கணக்கில் உறைந்திருக்கும். கடன் கொடுத்தவரிடம் அசல் பாக்கி அறிக்கை வாங்கி அந்த எண்ணைப் போடுங்கள்.

தவணையை உடைத்துப் பதிதல்

மாதம் 9,964.29 வங்கியிலிருந்து போகிறது. பதிவேட்டில் அந்த வரியில் நின்று 'ஸ்ப்ளிட்' பொத்தானை அழுத்தினால் வரி விரியும். முதல் மாதம் வட்டி 3,000, அசல் 6,964.29. இரண்டாவது மாதம் பாக்கி 2,93,035.71க்கு வட்டி 2,930.36, அசல் 7,033.93. வங்கிக் கணக்கு ஒரு வரி, வட்டிச் செலவு ஒரு வரி, கடன் கணக்கு ஒரு வரி. மூன்றும் சரிக்குச் சரி ஆனால்தான் மென்பொருள் அமைதியாகும். முழுத் தவணையையும் கடன் கணக்கில் தள்ளினாலும் அது தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிச் செய்தால் கடன் நிஜத்தைவிட வேகமாகக் கரைவதுபோல் தெரியும். முழுவதையும் செலவில் தள்ளினால் கடன் கரையவே கரையாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் அடுத்த ஒப்பீட்டில் அகப்பட்டுக்கொள்ளும். ஒப்பீட்டைப் பற்றிப் பின்னால்.

மாதாமாதம் உடைப்பது சலிப்பு. அதற்கென 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில், 'ஷெட்யூல்டு டிரான்ஸாக்‌ஷன்ஸ்' உள்ளே, 'மார்ட்கேஜ் அண்ட் லோன் ரீபேமென்ட்' என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. தொகை, வட்டி விகிதம், காலம், எத்தனை மாதம் பாக்கி, எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் அசலையும் வட்டியையும் தானே பிரித்துப் பதிகிற ஏற்பாட்டைச் செய்துவிடும். நிலையான வட்டி, ஒரு தவணைகூட முன்பின் ஆகாத கடன் என்றால் இது அருமை.

இந்த மென்பொருளின் பெரிய ஓட்டையும் இதே இடத்தில்தான். அந்த வழிகாட்டி எழுதி வைக்கும் சூத்திரம் கடன் கணக்கின் பாக்கியைப் பார்ப்பதே இல்லை. தொடக்கத் தொகை, விகிதம், மொத்த மாதங்கள், இது எத்தனையாவது தவணை என்ற நான்கை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது. கடன் தொடங்கிய கையோடு 1,00,000 கூடுதலாகக் கட்டினீர்கள் என்று வையுங்கள். கடன் கொடுத்தவர் அடுத்த மாதம் 2,00,000க்கு 2,000 வட்டி எடுப்பார். குனுகேஷின் ஏற்பாடோ பழையபடி 3,000 வட்டி என்று பதியும். மாதம் 1,000 அளவுக்கு வட்டிச் செலவு மிகையாகவும், கடன் பாக்கி மிகையாகவும், நிகர மதிப்பு குறைவாகவும் காட்டிக்கொண்டே போகும். ஆண்டு முழுக்கக் கவனிக்காவிட்டால் பிழை பத்தாயிரத்தைத் தாண்டும். வட்டி விகிதம் நடுவில் மாறினாலும் இதே கதி. சேமிப்பா கடனா என்று யோசிப்பவர்கள்தான் முன்கூட்டியே கட்டுவார்கள். அவர்களுக்கே இந்த வசதி கைகொடுப்பதில்லை என்பது வேடிக்கை.

தீர்வு இரண்டு. முன்கூட்டியே கட்டும்போதெல்லாம் பழைய ஏற்பாட்டை நீக்கிவிட்டு, மீதி அசலையும் மீதி மாதங்களையும் வைத்துப் புதிதாக ஒன்று அமைக்கலாம். அடிக்கடி கட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வழி சுலபம்: வழிகாட்டியை விட்டுவிட்டு, திட்டமிட்ட பதிவைக் கையால் உருவாக்குங்கள். வட்டி வரியில் எண்ணுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்தை மாறியாகப் போடுங்கள். அசல் வரியில் தவணைத் தொகையிலிருந்து அந்த எழுத்தைக் கழித்த சூத்திரத்தை எழுதுங்கள். கோப்பைத் திறக்கும்போது வரும் 'சின்ஸ் லாஸ்ட் ரன்' சாளரம் அந்த மாறியின் மதிப்பைக் கேட்கும். கடன் அறிக்கையில் உள்ள வட்டியைத் தட்டினால் அசல் தானாக விழும். மாதம் ஓர் எண் தட்டச்சு செய்கிற வேலைதான், ஆனால் ஒருநாளும் பிசகாது.

கடன் அட்டையில் நடப்பது வேறு வகைப் பிழை. பொருள் வாங்கிய நாளிலேயே அட்டைக் கணக்கில் செலவைப் பதிய வேண்டும். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து அட்டைக்குக் கட்டுவது வெறும் இடமாற்றம், அது செலவே அல்ல. இதையும் செலவாகப் பதிந்தால் ஒரே சாமானை இரண்டு தடவை வாங்கியதாக ஆகிவிடும். வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டுமே புதிய செலவு. அட்டையில் தவணை முறையில் வாங்கிய பொருளுக்கு முழுத் தொகையும் வாங்கிய நாளிலேயே கடன்; 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லி வாங்கும் பரிசீலனைக் கட்டணத்தை வட்டித் தலைப்பிலேயே போடுங்கள், பெயர் எதுவானாலும் அது வட்டிதான்.

கேள்விக்கு வருவோம்

ஒரு மாதக் கணக்கு. வருமானம் 80,000. வாழ்க்கைச் செலவு 52,000. மேலே சொன்ன கடனின் முதல் தவணை 9,964. கடன் அட்டையில் 20,000 பாக்கி, மாதம் 3 சதவீதம் வட்டி. அதற்கு 6,036 கட்டியதில் வட்டி 600 போக 5,436 அசலில் கழிந்தது. மிச்சம் 12,000 சேமிப்புக் கணக்குக்குப் போனது.

கண்ணுக்குத் தெரிகிற சேமிப்பு 12,000. குனுகேஷின் வரவு செலவு அறிக்கை காட்டுவது வேறு: 80,000இலிருந்து 52,000, 3,000, 600 மூன்றையும் கழித்தால் 24,400. நிகர மதிப்பு உயர்ந்தது அவ்வளவு. சேமிப்பில் 12,000, கடன் அசலில் 6,964, அட்டை அசலில் 5,436. மூன்றும் சேர்ந்ததே அந்த மாதத்தின் உண்மையான மிச்சம். சேமிக்கவே முடியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் அசலாகக் கட்டியதைச் சேமிப்பில் சேர்ப்பதில்லை. ஆனால் தவணை முழுவதையும் சேமிப்பென்று நினைத்துத் திருப்திப்படுபவர்களின் நிலைதான் மோசம். வட்டி போனது போனதுதான்.

இப்போது அந்த 12,000த்தை அட்டையில் கட்டியிருந்தால்? மாதக் கடைசி நிகர மதிப்பு அதே எண்தான், ஒரு காசு மாறாது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. அடுத்த மாதம் வட்டித் தலைப்பைத் திறந்தால் விவரம் தெரியும்: சேமிப்பில் போட்டவருக்கு அட்டையில் 14,564 நிற்கும், வட்டி 437. அட்டையில் கட்டியவருக்கு 2,564 நிற்கும், வட்டி 77. வித்தியாசம் 360. சேமிப்பில் போட்ட 12,000த்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 60 வரும். ஆக, மாதம் 300 நட்டம். இதைக் கண்டுபிடிக்க நிதி ஆலோசகர் வேண்டாம், வட்டி என்ற கணக்கும் வட்டி வரவு என்ற கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

12 சதவீதக் கடனில் கணக்கு இவ்வளவு ஒருபக்கச் சாய்வாக இருக்காது, ஆனாலும் சாயும். கையில் 1,00,000 இருக்கிறது. கடன் தொடக்கத்திலேயே கட்டிவிட்டு, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால், 36 மாதக் கடன் 23ஆவது மாதத்தில் முடியும், அந்தக் கடைசித் தவணையும் பாதிதான். மொத்த வட்டி 58,714இலிருந்து சுமார் 24,400க்கு இறங்கும். முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இதே 1,00,000த்தை ஆண்டுக்கு 7 சதவீத வைப்பில் போட்டால் முதல் ஆண்டில் 7,000. அதற்கு வரி உண்டென்றால் இன்னும் குறையும். கடனில் கட்டினால் அதே ஓராண்டில் கடன் பாக்கியில் ஏற்படும் வித்தியாசம் 1,12,683, அதாவது மாத வட்டிக்கு வட்டி சேர்த்து 12,683 ஆதாயம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கடனில் கொட்டிவிடலாமா? இந்த இடத்தில்தான் மூன்று கிளைப் பிரிவு வேலை செய்கிறது. 'ரிப்போர்ட்ஸ்' மெனுவில் 'அசெட்ஸ் அண்ட் லயபிலிட்டீஸ்' பிரிவில் 'நெட் வொர்த் பார் சார்ட்' எடுங்கள். அதன் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'அக்கவுன்ட்ஸ்' தாவலில் எல்லாக் கணக்குகளும் தேர்வாகியிருக்கும். ஒரு வரைபடத்தை அப்படியே விட்டு, இன்னொன்றில் உடனே எடுக்கக்கூடிய கிளையையும் அட்டை பாக்கியையும் மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிப் பெயரில் சேமியுங்கள். முதல் வரைபடம் மொத்த நிகர மதிப்பு. இரண்டாவது, நாளைக்கே வேலை போனால் தாங்குமா என்பதைக் காட்டுவது. கடனில் கொட்டக் கொட்ட முதல் வரைபடம் ஏறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது தரைதட்டும். கட்டிய அசலைக் கடன் கொடுத்தவர் திருப்பித் தரமாட்டார். அவசரத்துக்கு அட்டையில் 36 சதவீத வட்டிக்கு எடுக்க நேர்ந்தால், 12 சதவீதக் கடனில் மிச்சம்பிடித்ததெல்லாம் தலைகீழாகும். எனவே மூன்று நான்கு மாதச் செலவுக்கான தொகை இரண்டாவது வரைபடத்தில் நிற்கும்வரை, அதிக வட்டி அட்டையைத் தவிர மற்றக் கடன்களுக்கு வழக்கமான தவணை மட்டும் போதும் என்பது நம் கருத்து. அந்தத் தொகை சேர்ந்தபின் மிஞ்சுவது வட்டி விகிதம் அதிகமான கடனுக்கு முதலில். 10,000 கூடுதலாகக் கட்டும்போது 36 சதவீத அட்டையில் மாதம் 300 மிச்சம், 9 சதவீதக் கடனில் 75 மட்டும். சின்னக் கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு என்பார்கள். அந்தத் தெம்பின் விலை எவ்வளவு என்பதையும் வட்டித் தலைப்பு சொல்லிவிடும்.

வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

பங்கு, பரஸ்பர நிதி வைத்திருந்தால் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே விலை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அந்தந்தத் தேதிக்கு மிக அருகில் உள்ள விலையை எடுக்கும் தேர்வில் வையுங்கள். 'மோஸ்ட் ரீசன்ட்' என்று மாற்றினால் போன ஆண்டின் இருப்பையும் இன்றைய விலையில் மதிப்பிட்டு, வரலாற்றையே திருத்தி எழுதிவிடும். விலைகளை இணையத்திலிருந்து தானாக எடுக்க 'ஃபைனான்ஸ் கோட்' என்ற துணைநிரல் (பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியது) வேண்டும். விண்டோஸில் அதை நிறுவுவது ஒரு பாடு. விலை தரும் தளம் தன் வடிவத்தை மாற்றினால் திடீரென்று வேலைசெய்யாது. நிகர மதிப்புக்காக என்றால் மாதம் ஒருமுறை விலையைக் கையால் 'பிரைஸ் டேட்டாபேஸ்' சாளரத்தில் பதிந்தாலே போதும். தினமும் விலை பார்ப்பவர்களுக்கு வேறு கருவிகள் இருக்கின்றன.

வீட்டின் மதிப்பு ஏறியது என்று பதியும்போது எதிர்ப்பதிவை வருமானத்தில் போடாதீர்கள். அந்த மாத வருமானம் வானளவு உயர்ந்து, சேமிப்பு விகிதமெல்லாம் பொய்யாகிவிடும். 'ஈக்விட்டி' (சொந்த முதல்) கீழே 'மதிப்பு மாற்றம்' என்று ஒரு கணக்கு திறந்து அதில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் மதிப்பை மாற்றத் தேவையில்லை. வாகனத்தின் மதிப்பை ஆண்டுதோறும் குறைக்க மறப்பவர்கள்தான் அதிகம். ஏறுவதை நினைவில் வைத்துக்கொள்ளும் மனம் இறங்குவதை மறந்துவிடுகிறது.

எண்களின் குறி பலரைக் குழப்பும். கடன் கணக்கில் பாக்கி நேர்க்குறியில் தெரிவது வழு அல்ல. 'பிரிஃபரன்சஸ்' உள்ளே குறியை எந்தெந்தக் கணக்குக்குத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கழித்தல் குறியில் பார்த்தால்தான் கடனென்று உறைக்கும் என்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளட்டும்.

ஒப்பீடு

'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் உள்ள 'ரீகன்சைல்' இந்த மென்பொருளின் சிறந்த பகுதி. அறிக்கையின் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுத்து, ஒவ்வொரு வரியாகக் குறியிட்டுக்கொண்டே போனால் கீழே வித்தியாசம் சுழியாக வேண்டும். வங்கிக்கும் அட்டைக்கும் மாதந்தோறும், கடனுக்குக் குறைந்தது ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்ய வேண்டும். கடனில் வரும் வித்தியாசம் சில காசுகளென்றால் தசமத்தை முழுமையாக்குவதில் வந்தது, விடுங்கள். நூற்றுக்கணக்கில் என்றால் மேலே சொன்ன வட்டிப் பிரிப்பில் பிசகு, அல்லது கடன் கொடுத்தவர் தினக்கணக்கில் வட்டி போடுகிறார். ஆயிரக்கணக்கில் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டணத்தைச் சொல்லாமல் அசலில் ஏற்றியிருக்கிறார்கள். அறிக்கையை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

ஒரே வங்கிக் கணக்குக்குள் 'அவசரநிதி', 'காப்பீட்டுத் தவணைக்கு' என்று கிளைக் கணக்குகள் வைத்துப் பணத்தை ஒதுக்கலாம். நல்ல வழிதான். ஆனால் ஒப்பிடும்போது கிளைகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் குறியிட வேண்டும், இல்லாவிட்டால் இருப்பு ஒருநாளும் ஒத்துவராது.

வங்கி அறிக்கையைக் கோப்பாக இறக்கி உள்ளே கொண்டுவரும் வசதியும் உண்டு. எந்த வரி எந்தத் தலைப்புக்கு என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது, போகப்போக நன்றாகவே ஊகிக்கிறது. தவணை வரியில் மட்டும் கவனம்: அறிக்கையில் அது ஒரே தொகை. திட்டமிட்ட பதிவும் ஏற்கெனவே அதைப் பதிந்திருந்து, இரண்டின் தேதியும் தள்ளிப்போயிருந்தால் தவணை இரட்டிப்பாகப் பதிவாகலாம்.

யாருக்கு வேண்டாம்

கடனே இல்லாதவர், அல்லது ஒரே ஒரு கடனும் இரண்டு கணக்கும் வைத்திருப்பவர், விரிதாளோடு இருக்கலாம். மாதத்துக்கு ஒரு வரி, கணக்குக்கு ஒரு நிரல், கடைசியில் கூட்டல். போன மாத எண்ணை அழித்து அதன்மேல் எழுதாமல் புதிய வரி சேர்த்தால் போதும். அதில் வட்டிக்கும் ஒரு நிரல் ஒதுக்கிவிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்னதில் பெரும்பகுதி அதிலேயே கிடைக்கும். நடுவில் ஒரு நிரல் சேர்க்கும்போது கூட்டல் சூத்திரம் அதை விட்டுவிடுவதுதான் விரிதாளின் நிரந்தர வியாதி.

வங்கிகளோடு தானாக இணைந்து எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் சேவைகள் பார்க்க அழகு. ஆனால் மின்ட் என்ற பிரபலமான சேவை 2007இல் தொடங்கி, 2009இல் இன்ட்யூட் நிறுவனம் வாங்கி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. நிகர மதிப்பு வரைபடம் என்பது பத்தாண்டு, இருபதாண்டு ஓடவேண்டிய விஷயம். கோப்பு நம் கையில் இருப்பது அதனால்தான் முக்கியம்.

கைப்பேசியில் உடனுக்குடன் பதிய விரும்புபவர்களுக்கும் குனுகேஷ் சரிவராது. கணினி முன் வாரம் ஒருமுறை உட்காரும் பழக்கம் வேண்டும். அமைப்பதற்கு ஓர் அரை நாள், கைவர இரண்டு மாதம். வரவு செலவுத் திட்டம் போடும் பகுதி இருக்கிறது, ஆனால் அதற்காக யாரும் இதை நிறுவ வேண்டியதில்லை.

கோப்பைப் பற்றி

இயல்பாகச் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கும். ஒவ்வொரு சேமிப்பின்போதும் தேதியிட்ட பழைய நகல் ஒன்றைப் பக்கத்தில் விட்டுவைக்கும். இயல்பாக முப்பது நாள் கழித்து அவற்றை அழிக்கும். கோப்புறை குப்பையாகத் தெரிகிறதே என்று அந்த நகல்களைத் துடைத்துவிடாதீர்கள், ஒருநாள் உதவும். கணினி திடீரென்று அணைந்துவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது கோப்பு பூட்டியிருப்பதாகச் சொல்லும். வேறு எங்கும் அது திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு 'ஓப்பன் எனிவே' கொடுக்கலாம். மேகச் சேமிப்புக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறப்பது ஆபத்து, ஒருவர் பதிந்ததை மற்றவர் அழிப்பார். தரவுத்தளத்தில் சேமிக்கும் வசதி இருந்தாலும், இருவர் ஒரே சமயத்தில் வேலைசெய்ய அது உருவாக்கப்படவில்லை.

கடவுச்சொல் போட்டுக் கோப்பைப் பூட்டும் வசதி கிடையாது. வீட்டில் யார் திறந்தாலும் எல்லாம் தெரியும். மறைகுறியாக்கிய வட்டில் வைப்பது ஒன்றே வழி. அதே சமயம் குடும்பத்தில் இன்னொருவருக்கும் கணக்கு தெரிய வேண்டும், அவருக்கு இந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இருக்காது. சொத்தையும் கடனையும் ஒரே பட்டியலில் காட்டும் 'பேலன்ஸ் ஷீட்' அறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறை பிடிஎஃப் ஆக்கி, அச்சிட்டு, கடன் பத்திரங்கள் இருக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கடன் கணக்கின் 'நோட்ஸ்' பகுதியில் கடன் எண்ணையும் தவணைத் தேதியையும் எழுதி வைத்தால், அவற்றையும் அந்தத் தாளின் பின்புறத்தில் கையால் ஒருமுறை எழுதிவிடலாம். அறிக்கையில் அவை தாமாக அச்சாகாது.